கடைசி வாங்கிலிருந்து தெரியாத கரும்பலகை

கல்வியைக் கண்ணுக்கு ஒப்பிடுவது நம் முன்னோர் வழக்கம். பேச்சுப்போட்டி மேடையில் ஏறும் மாணவன் முதலாகப் பரிசளிப்பு விழாத் தலைவர் ஈறாக எல்லோரும் இவ்வுவமையை எடுத்தாளுகின்றனர். உவமேயத்துக்குப் பந்தலிட்டு மாலை சூட்டும் நாம் உவமானத்தை மறந்துவிட்டோம் என்பதை, இருபது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற பின்பு, ஒரு சிறுவன் எனக்குக் கற்பித்தான். அதனையே இவ்வாரம் எழுதுகின்றேன். எழுதுவதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை.

அவன் எட்டாந் தரத்தில் என் வகுப்பில் இருந்தவன். பெயர் வேண்டாம். கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து பஸ்ஸில் வருபவன். ஆளும் சற்று உயரம். உயர்ந்தவன் பின்னே இருத்தல் வகுப்பறை மரபாதலால் கடைசி வாங்கு அவனுக்கு உரியதாயிற்று. கரும்பலகையில் எழுதியதைக் கொப்பியில் எழுதும்படி சொன்னால், பலகையைப் பாராது பக்கத்துப் பையனின் கொப்பியைப் பார்ப்பான். பக்கத்தவன் பிழை எழுதினால் இவன் கொப்பியிலும் அதே பிழை, அதே இடத்தில் இருக்கும். 'பார்த்தெழுதுதல்' என்பது ஆசிரியர் அகராதியில் மன்னிக்கப்படாத குற்றங்களுள் ஒன்று. எத்தனை முறை அவனை எழுப்பி நிறுத்தினேன் என்பதற்குக் கணக்கில்லை. முதலாந் தவணை அறிக்கையில் 'கவனம் போதாது. சோம்பல்' என்று எழுதிக் கையொப்பமும் இட்டேன்.

உண்மை வெளிப்பட்டது மழையினால். மாரி காலத்து நாள் ஒன்றில், கடைசி வரிசைக்கு நேரே கூரை ஓடு விலகி ஒழுகத் தொடங்கிற்று. பின்னிருந்த பிள்ளைகளை முன்னே வந்து நெருங்கி அமரும்படி சொன்னேன். அன்று அவன் பலகையிலிருந்த கணக்கைப் பிழையின்றி எழுதினான். எழுதியதோடு நில்லாமல் வகுப்பில் எவரும் செய்யுமுன் செய்தும் முடித்தான். எனக்கு ஐயம் பிறந்தது. மழை விட்டபின் அவனைப் பழைய இடத்திற்கு அனுப்பிப் பலகையை வாசிக்கச் சொன்னேன்.

"ஏதோ எழுதியிருக்கெண்டு தெரியுது சேர். என்ன எழுதியிருக்கெண்டு தெரியேல்லை."

"இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை?"

"எல்லாருக்கும் அப்பிடித்தான் தெரியுமெண்டு நினைச்சன் சேர்."

இவ்விடையைப் பெற்றோர் ஒருமுறைக்கு இருமுறை வாசித்தல் வேண்டும். பல்வலி வந்த பிள்ளை அழும். காய்ச்சல் கண்ட பிள்ளை சுருண்டு படுக்கும். தூரத்துப் பார்வை மங்கிய பிள்ளையோ ஒன்றும் சொல்லாது. பிறந்த நாள் முதல் அல்லது நினைவறிந்த நாள் முதல் மரம் என்பது பச்சை நிறப் புகையாகவே தெரிந்தால், மரமென்பது அப்படித்தான் என்று அது எண்ணிக்கொள்ளும். விழிக்கோளம் சிறிது நீண்டுவிடுவதால் தூரப் பொருளின் ஒளி விழித்திரையை அடையுமுன்னரே குவிந்துவிடுகின்றது. கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் இதுதான். மருந்தில்லை, நோவில்லை, ஒரு வில்லை போதும். பிள்ளைக்கே தெரியாத குறையைப் பெரியவர் தேடிக் கண்டுபிடித்தாலன்றி அந்த வில்லை அதன் கண்ணுக்கு வராது.

தேடுவதற்குப் பெரிய கருவியும் வேண்டியதில்லை. ஒல்லாந்து நாட்டு உத்திரெக்ட் நகர வைத்தியர் ஹெர்மன் சினெல்லன் 1862ஆம் ஆண்டில் அமைத்த எழுத்து அட்டை இன்றும் உலகமெங்கும் பயன்படுகின்றது. ஆறு மீற்றர் கயிறு, அந்த அட்டை, நல்ல வெளிச்சம்: இவை இருந்தால் எந்த ஆசிரியரும் ஐயத்துக்குரிய பிள்ளையை இனங்காணலாம். எழுத்தறியாச் சிறுவர்க்கென, ஆங்கில 'ஈ' எழுத்தைப் பலவாறு திருப்பி வைத்த அட்டையும் உண்டு; கால்கள் எப்பக்கம் நோக்குகின்றன என்று பிள்ளை கையால் காட்டினாற் போதும். ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்கவேண்டும் என்பதை மட்டும் மறத்தல் ஆகாது. இரு கண்ணும் திறந்திருக்க, நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துக் காப்பாற்றிவிடும்.

நம் நாட்டுப் பாடசாலைகளில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ஒழுங்கு நெடுங்காலமாக இருந்து வருகின்றது. ஆகவே, 'முந்திய ஆண்டில் இவனை எவரும் பரிசோதிக்கவில்லையா?' என்ற கேள்வியோடு அவன் வீட்டிற்குச் சென்றேன். தாயார் கருவாட்டு வாடியில் நாட்கூலிக்கு வேலை செய்பவர். தகப்பன் இல்லை. என் கேள்வியைக் கேட்டதும் உள்ளே சென்று ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களின் நடுவே, நான்காக மடிக்கப்பட்டு, அந்தத் துண்டு இருந்தது: பார்வைக் குறைபாடு உண்டு, கண் கிளினிக்குக்குக் கொண்டுசெல்லவும் என்று ஏழாந் தரத்திலேயே எழுதிக் கொடுத்த துண்டு.

"கடுதாசி வந்தது உண்மைதான் ஐயா. ஒரு நாள் வேலையை விட்டிட்டுக் கூட்டிக்கொண்டு போனனான். அண்டைக்குக் கிளினிக் இல்லையெண்டிட்டினம். பிறகு போவமெண்டு இருக்கேக்கை நீங்கள் பஞ்சியெண்டு எழுதி விட்டியள். படிச்ச மனுசர் எழுதினது சரியாத்தானே இருக்கும். கண்ணில பிழையில்லை, புத்தியிலதான் பிழையெண்டு விட்டிட்டன்."

அந்த அம்மாவின் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதுவே எனக்குப் பெருந் தண்டனையாயிற்று. 'ஏழைப் பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று ஆசிரியர் அறையில் நாங்கள் எத்தனை தடவை பேசியிருப்போம்! அக்கறை தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. அதனை வைத்தியசாலை வரை கொண்டுசெல்வதற்கு வேண்டிய பொருள்தான் அவரிடம் இருக்கவில்லை.

வேண்டிய பொருள் எவ்வளவு என்று அவரோடு இருந்து கணக்குப் பார்த்தேன். கிராமத்திலிருந்து நகரத்துக்கு இரண்டு பஸ். கிளினிக் நாள் எதுவென்று அறியாது சென்றால் ஒரு நாட் கூலி வீண். அறிந்து சென்றாலும் விடியுமுன் சென்று நம்பர் எடுக்கவேண்டும். சிறுவர்க்குக் கண்மணியை விரியச் செய்யும் துளிமருந்து விட்டுப் பார்ப்பதுண்டு, அன்றே முடியாவிடில் இன்னொரு நாள் வரச் சொல்வர், இன்னொரு கூலி. இவ்வளவிலும் வைத்தியருக்கு ஒரு சதமும் கொடுக்கவேண்டியதில்லை. இறுதியில் கையில் கிடைப்பது கண்ணாடியின் அளவு எழுதிய தாள். தாளை மூக்கில் மாட்ட முடியாதே! கண்ணாடியைக் கடையில்தான் வாங்கவேண்டும். 2022ஆம் ஆண்டில் ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபோது இறக்குமதிப் பொருள்கள் எல்லாம் விலையேறின. வில்லையும் சட்டமும் அதற்கு விலக்கல்ல.

இலவசக் கல்வி 1945இல் வந்தது. அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் 1951இல் நீக்கப்பட்டது. இவ்விரண்டும் நம் நாட்டின் இரு பெருஞ் செல்வங்கள். அவற்றைக் குறைத்துப் பேசுபவன் நான் அல்லன், அவற்றால் ஆளானவன். ஆயினும் இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி கிடக்கின்றது. மூக்குக்கண்ணாடியின் அகலந்தான் அந்த இடைவெளி. பாடநூல் இலவசம், பரிசோதனை இலவசம். பாடநூலையும் பலகையையும் காட்டும் பொருளுக்கு மட்டும் விலை.

நாம் கட்டணத்தை நீக்கிய அதே 1951இல், இங்கிலாந்தில் இதற்கு மாறான ஒன்று நடந்தது. அங்கே 1948 ஜூலை 5ஆந் திகதி தொடங்கிய தேசிய சுகாதார சேவை, கண்ணாடியையும் பொய்ப்பல்லையும் இலவசமாகக் கொடுத்தது. அதற்குமுன் ஏழைகள் கடைமேசையில் குவிந்து கிடந்த கண்ணாடிகளைத் தாமே மாறி மாறிப் போட்டுப் பார்த்து வாங்கி வந்தனர். சேவை தொடங்கியதும் கேட்டு வந்தோரின் தொகை அரசாங்கம் மதிப்பிட்டதற்கு மிக மேலே சென்றது. 'வீண் செலவு' என்றனர் சிலர். வீண் அன்று, அத்தனை ஆண்டும் பாராதிருந்த கண்கள் ஒருங்கே வந்து கதவைத் தட்டின. கொரிய யுத்தத்தையொட்டிய படைச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டபோது, கண்ணாடிக்கும் பொய்ப்பல்லுக்கும் கட்டணம் விதிக்கத் துணிந்தது அரசாங்கம். அச்சேவையைத் தோற்றுவித்த அனைரின் பெவான் மந்திரிப் பதவியைத் துறந்து வெளியேறினார். மூக்குக்கண்ணாடிக்காக ஒரு மந்திரி பதவி துறந்த வரலாற்றை என் மாணவர்களுக்குச் சொல்லும்போது, முதலில் சிரிக்கின்றனர். பின்னர் சிலர் சிரிப்பதில்லை.

இலவசமாகக் கொடுத்தால் எல்லாம் முடிந்ததா எனில், அதுவும் இல்லை. சீன தேசத்தின் மேற்குப் பகுதியான கான்சு, ஷான்சி மாகாணங்களில் 252 ஆரம்பப் பாடசாலைகளில் நடத்திய ஆய்வொன்று 2014இல் வெளியாயிற்று. பார்வை குறைந்த பிள்ளைகளுள் ஒரு சாராருக்கு அளவெழுதிய தாள் மட்டும் கொடுத்தனர். ஒரு சாராருக்குக் கண்ணாடி பெறும் சீட்டு. இன்னொரு சாராருக்குப் பாடசாலைக்கே கொண்டுவந்து கண்ணாடி. கண்ணாடியைக் கையிற் பெற்றவர்கள், தாள் மட்டும் பெற்றவர்களைக் காட்டிலும் கணிதத்தில் மேம்பட்டனர். ஆயினும் பெற்றவர்கள் எல்லோரும் அணிந்தாரல்லர். கண்ணாடி போட்டால் சிறுவர் கண் மேலும் கெடும் என்ற எண்ணம் அந்நாட்டுக் கிராமங்களில் வேரூன்றியிருந்தது. நம் ஊரில் மட்டும் என்ன? 'இப்பவே போட்டால் பிறகு கழட்டேலாது' என்று சொல்லாத ஆச்சி எந்த வீட்டில் இருக்கிறார்?

இதைவிடக் கேடானது மாறுகண்ணைப் பற்றிய நம்பிக்கை. மாறுகண் அதிர்ஷ்டம் என்பர். வளர வளரச் சரியாகும் என்பர். இரு கண்ணும் ஒரே திசையை நோக்காதபோது, மூளை ஒரு கண்ணின் காட்சியைத் தள்ளிவிடும். தள்ளப்பட்ட கண் நாளடைவில் பார்க்க மறந்துபோகும். வைத்தியர் இதனைச் சோம்பற்கண் என்பர். ஏழு, எட்டு வயதுக்குள் கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணைச் சில மணிநேரம் மூடிவைத்துப் பழக்கினால் பெரும்பாலும் மீட்கலாம். காலம் கடக்கக் கடக்க மீட்பு அரிதாகும். அதிர்ஷ்டம் என்று காத்திருந்த வீட்டுப் பிள்ளை ஒரு கண்ணை இழந்துவிடுகின்றது. முகத்தில் கண் இருப்பதால் இழந்தது எவருக்கும் தெரிவதில்லை.

நான் சில ஆண்டுகள் மலையகத்தில் ஆசிரியனாக இருந்தேன். அங்கே கூலியைப் 'பேர்' என்பர். கொழுந்து மலையில் அன்றைய அளவை நிறைத்தாற்றான் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். பிள்ளையைக் கண் வைத்தியரிடம் காட்டப் போகும் தாய்க்கு அன்று பேர் இல்லை. லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு நடை, அங்கிருந்து பஸ். வைத்தியசாலையில் சிங்களத்தில் மட்டும் பேசும் தாதியிடம், பிள்ளைக்கு எந்தத் தூரத்தில் எது தெரியவில்லை என்று விளக்கவேண்டும். வயிற்றுவலியைக் கையால் காட்டலாம். பார்வையின் மங்கலை எப்படிக் காட்டுவது? 'கொழுந்து கிள்ள இவளுக்குக் கண்ணு போதும் சார்' என்று ஒரு தகப்பனார் என்னிடம் சொன்னார். அன்று அதனை அறியாமை என்று எண்ணினேன். தம் மகளின் வாழ்வு எவ்வளவு தூரம் செல்லும் என்று உலகம் அவருக்கு முன்னரே சொல்லி வைத்திருந்ததைத்தான் அவர் எனக்குத் திருப்பிச் சொன்னார் என்று இப்பொழுது தோன்றுகின்றது.

இத்தடைகளை நன்றாக அறிந்து ஒழுங்கு செய்தவர்கள் நமக்கு அண்மையிலேயே உளர். மதுரையில் கோவிந்தப்பா வெங்கடசாமி என்னும் கண் வைத்தியர், அரசாங்க சேவையிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன அவர், அக்கைகளாலேயே கண்ணில் சத்திரசிகிச்சை செய்து வந்தவர். சிகிச்சை இலவசம் என்று அறிவித்தபின்பும் கிராமத்து மக்கள் வராததைக் கண்டு, 'அறியாமை' என்று சொல்லிக் கைகழுவாமல், காரணத்தைத் தேடினர் அம்மருத்துவமனையார். பயணச் செலவு, சாப்பாடு, துணைக்கு வருபவரின் கூலி: இவையே தடை. ஆதலால் கிராமத்தில் முகாமிட்டு, அங்கிருந்தே நோயாளரைப் பஸ்ஸில் ஏற்றிச் சென்று, உணவும் இடமும் கொடுத்து, திரும்பவும் ஊரில் கொண்டுவந்து விட்டனர். அங்கே பெரும்பாலும் வந்தவர்கள் கண்புரை கொண்ட முதியோர். முதியவருக்கு ஆகிய வழி சிறுவர்க்கு ஆகாதா?

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளிடையே கிட்டப்பார்வை இப்பொழுது பெருகி வருகின்றது. காலையில் ரியூசன், பகலில் பாடசாலை, மாலையில் மீண்டும் ரியூசன், இரவில் கைத்தொலைபேசி. வெயில் எப்படியிருக்கும் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிற்று. சீனத்தின் குவாங்சோ நகரில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடம் வெளியில் இருக்கும் பாடவேளை ஒன்றைக் கூட்டினர். மூன்று ஆண்டில் அவர்களுள் நூற்றுக்கு 30.4 வீதமானோர்க்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. கூட்டாத பாடசாலைகளில் 39.5 வீதம். வெயில் இலவசம்; ஆனால் அதைக் கொடுக்கப் பெற்றோருக்கு மனம் வருவதில்லை. இப்பிள்ளைகளுக்குக் கண் மங்கினால் அடுத்த வாரமே கண்ணாடி வந்துவிடும். வாடியருகே வெயிலில் ஓடித்திரியும் பிள்ளைக்கு மங்கினால், மழை வந்து கூரை ஒழுகும்வரை காத்திருக்கவேண்டும்.

இருக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், சாதி பாராது எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று கல்வித் திணைக்களம் பணித்தபோது, பாடசாலைகள் சில தீக்கிரையாயின. அதுவரை சில பிள்ளைகளுக்கு நிலமே இருக்கை. அவர்களுள் எத்தனை பேர் பலகை தெரியாமற் படிப்பை விட்டனரோ! இன்று வாங்கு எல்லோருக்கும் உண்டு. ஆனால் எந்தப் பிள்ளை முன் வாங்கில் இருக்கின்றது, எந்தப் பிள்ளை பின் வாங்கில் இருக்கின்றது என்று நம் வகுப்புகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். உயரம் மட்டுமே காரணம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பையனுக்குக் கண்ணாடி வந்தது. நான் கொடுத்த பணத்தைத் தாயார் தானமாக ஏற்க மறுத்து, மாதந்தோறும் ஒரு சிறு தொகையை மகன் கையில் கொடுத்தனுப்பினார். வாங்காவிட்டால் பிள்ளையை மறித்துவிடுவாரோ என்று அஞ்சி வாங்கிக்கொண்டேன். பதாகை கட்டி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் பிடித்துக் கண்ணாடி வழங்கும் வைபவங்களுக்கு இப்பொழுது நான் செல்வதில்லை. கண் தெரிவதற்காக முகத்தை ஏன் விற்கவேண்டும்?

முதல் வாரத்தில் அவன் கண்ணாடியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். 'சோடாப் போத்தல்' என்று பெயர் சூட்டிவிட்டார்களாம். நாற்பதைத் தாண்டிய நான் கண்ணாடி அணிந்தால் அறிஞர் தோற்றம் என்பர்; பதின்மூன்று வயதுப் பிள்ளை அணிந்தால் போத்தல்! பெயர் சூட்டிய இருவரையும் ஆறு மீற்றரில் நிறுத்தி அட்டையை வாசிக்கச் செய்தேன். அவர்களுள் ஒருவனுக்கும் கண்ணாடி வேண்டியதாயிற்று. அதன்பின் அப்பெயர் தானாகவே உதிர்ந்தது.

சென்ற மாதம் அவன் மூக்கில் கண்ணாடி இல்லை. கேட்டேன்.

"தங்கச்சி கொண்டு போட்டாள் சேர். அவளுக்கு இண்டைக்குச் சோதினை."

தங்கை ஐந்தாந் தரம். புலமைப்பரிசில் எழுதவேண்டிய ஆண்டு. மாலை வேளைகளில் தமையனின் கண்ணாடியைப் போட்டுத்தான் தொலைக்காட்சி பார்ப்பாளாம், தெளிவாகத் தெரிகின்றதாம். அளவு பொருந்தாத கண்ணாடியை அணியக்கூடாது என்று சொல்லிவிட்டு மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றேன். மகனுக்காக இரண்டு நாட் கூலியை இழந்த தாயார் இம்முறை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவள் பொம்பிளைப் பிள்ளை ஐயா. இந்த வயசிலேயே கண்ணாடி போட்டால், நாளைக்கு ஆர்..."

வசனத்தை முடிக்கவில்லை. கதவோரத்தில் சிறுமி நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்ப்பதற்காகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

நெடுநேரம் பேசினோம். வருகின்ற செவ்வாய்க்கிழமை கிளினிக். தாயாருக்கு வாடியில் விடுமுறை இல்லை. கையொப்பமிட்ட கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கின்றார். தமையன் துணைக்கு வருவான். நான் அன்றைக்கு விடுமுறை கேட்டு எழுதிக் கொடுத்துள்ளேன்.